சாகாத கோழி நெஞ்சமும் அலெக்சிஸ் கேரலும்

முல்லைப்பெரியாற்று நீர் பாயும் சோழவந்தான், வாடிப்பட்டிப் பகுதிகளிலும், மேற்கே கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழை பயிரிடும் உழவர் பெருமக்களிடம் 'திசு வாழை' என்று சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார்கள். வாழைக் குருத்தின் நுனியில் ஒரு சிறு துண்டை நறுக்கி, கிருமி அண்டாத கண்ணாடிப் புட்டியில் ஊட்டம் தந்து வளர்த்து, பல்லாயிரம் கன்றுகளாகப் பெருக்கித் தருகின்றனர் என்பதை அவர்கள் நன்கு அறிவர். தாவரத்தில் இன்று வயற்காட்டு வழக்காகிவிட்ட இந்தத் திசு வளர்ப்பு, விலங்கின் உடலில் முதன்முதல் முயலப்பட்டபோது உலகம் வியந்து நின்றது. அந்த வியப்பின் நடுவில் இருந்தது ஒரு கோழிக் கருவின் நெஞ்சுத் துண்டு. அதனை வைத்து உலகப் புகழ் பெற்றவர் பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரல்.

தமிழ்த்துறை மலரில் ஒரு மருத்துவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். நெஞ்சைத் தன்னினும் வேறான ஒன்றாக எதிரே நிறுத்தி அதனோடு பேசுவது நம் அகப்பொருள் மரபு. புலவர் கற்பனையில் பிரித்து நிறுத்திய நெஞ்சை, ஒருவர் உண்மையாகவே உடலினின்றும் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தினார். அது அங்கும் துடித்தது என்றால், அவ்வரலாறு நமக்கும் உரியதே. மேலும், கேரலின் பெயர் நம் சமுதாயத்துப் பெரியோர் பலருக்குப் புதியதன்று. எகிப்திய எழுத்தாளர் சையித் குதுப் போன்றோர் கேரலின் நூலை விரிவாக எடுத்தாண்டதால், முஸ்லிம் வாசகர் பலருக்கு அவர் மேலை நாகரிகத்தின் குறைகளை எடுத்துரைத்த சிந்தனையாளராகவே அறிமுகமானார். அவருடைய ஆய்வுக்கூடம் எத்தகையது, அங்கே நிகழ்ந்தது என்ன என்பதை அறிந்தவர் சிலரே. ஆகவே முழு மனிதரையும் காண முயல்வோம்.

கேரல் 1873ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். மைந்தருக்கு ஐந்து வயது ஆகும்போதே அவர் மறைந்தார். தந்தையின் பெயரான அலெக்சிஸ் என்பதையே மைந்தரும் ஏற்றுக்கொண்டார். லியோன் பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர். பட்டும் நூலும் ஊசியுமாக வாழ்ந்த அந்த ஊர்தான் பின்னாளில் அவருக்குக் கை கொடுத்தது.

1894ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் லியோனுக்கு வருகை தந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குச் செல்லும் பெருநாளம் அறுபட்டுக் குருதி வெள்ளமாய்ப் பெருகியது. நகரின் தலைசிறந்த மருத்துவர்கள் சூழ நின்றும் அவரைக் காக்க இயலவில்லை. அறுபட்ட குருதி நாளத்தைத் தைத்து ஒட்டவைக்கும் முறை அக்காலத்தில் நம்பத்தக்க அளவில் இல்லை. அப்போது பயிற்சி மருத்துவராக இருந்த இளைஞர் கேரல், துணியைத் தைக்கலாம், தோலைத் தைக்கலாம், நாளத்தை மட்டும் ஏன் தைக்கலாகாது என்று எண்ணத் தலைப்பட்டார்.

அவர் தேடிச் சென்ற ஆசிரியர் மருத்துவக் கல்லூரியில் இல்லை. லியோனில் பூவேலைத் தையலில் புகழ்பெற்ற லெருடியே என்னும் அம்மையாரிடம் அவர் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். மயிரிழை போன்ற ஊசியும் மெல்லிய பட்டு நூலும் கொண்டு தாளிலும் துணியிலும் கண்ணுக்குப் புலப்படாத தையல் இடப் பழகினார். மதுரையில் சுங்குடிச் சேலைக்கு ஆயிரக்கணக்கான நுண் முடிச்சுகளை விரல் நுனியால் இடும் சௌராட்டிரப் பெண்டிரின் கைத்திறத்தைக் கண்டவர்களுக்கு, ஓர் அறுவை மருத்துவர் ஏன் தையற்காரியிடம் மாணவராகச் சென்றார் என்பது எளிதில் விளங்கும். கற்றவர் என்ற செருக்கின்றிக் கைத்தொழிலாளரிடம் கற்கச் சென்ற இந்தப் பண்பே கேரலின் வாழ்வில் நம் நெஞ்சை முதலில் கவர்வது.

1902ஆம் ஆண்டு அவர் தம் முறையை வெளியிட்டார். வட்டமான நாளத்தின் விளிம்பில் சம தொலைவில் மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். பிறகு மூன்று நேர்க்கோடுகளைத் தைப்பது எளிதன்றோ! நாளத்தின் உட்புறத்தில் நூல் குருதியைத் தொட்டால் அங்கே குருதி உறைந்துவிடும் என்பதால், விளிம்பை வெளிப்புறமாக மடித்துத் தைத்தார். நூலுக்கும் ஊசிக்கும் வாசலின் தடவினார். இன்று நம் மதுரை மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துகொள்வோரின் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் மருத்துவரின் தையலுக்கும், இதயத்தின் அடைபட்ட நாளத்துக்கு மாற்றுவழி அமைக்கும் தையலுக்கும் முன்னோடி அந்த லியோன் தையலே.

அதே 1902இல் நிகழ்ந்த மற்றொன்று அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. லூர்து நகருக்கு நோயாளிகளை ஏற்றிச் சென்ற தொடர்வண்டியில் மருத்துவராக உடன் சென்றார். வயிற்றுக் காசநோயால் இறக்கும் தறுவாயில் இருந்ததாக அவரே கணித்த ஓர் இளம்பெண் அங்கே சில மணி நேரத்தில் தேறியதைக் கண்டார். கண்டதைக் கண்டவாறே சொன்னார். சமய நம்பிக்கையாளர், மருத்துவர் ஐயப்படுகிறார் என்று சினந்தனர். மருத்துவத் துறையினர், அறிவியலார் ஒருவர் அற்புதத்தை நம்புகிறார் என்று நகைத்தனர். லியோனில் அறுவை மருத்துவர் பதவிக்கான தேர்வுகளில் அவர் வெற்றி பெறவில்லை. 1904இல் கால்நடைப் பண்ணை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு கனடாவுக்குக் கப்பலேறினார். பண்ணை வைக்கவில்லை. அதே ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே சார்லஸ் கத்ரி என்னும் ஆய்வாளருடன் இணைந்து நாய்களின் சிறுநீரகம் முதலான உறுப்புகளை எடுத்து மாற்றிப் பொருத்தும் ஆய்வுகளைச் செய்தார். 1906இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

1908இல் ஒரு நள்ளிரவில், மருத்துவர் ஒருவரின் பிறந்து சில நாள்களே ஆன பெண் குழந்தை குருதிக் கசிவால் வெளிறிச் சாகக் கிடந்தது. அந்த வீட்டின் உணவு மேசையிலேயே தந்தையின் கைத் தமனியைக் குழந்தையின் கால் சிரையோடு கேரல் தைத்து இணைத்தார். குருதி பாயப் பாயக் குழந்தை சிவந்தது, அழுதது, பிழைத்தது. நியூயார்க்கில் மருத்துவம் செய்யும் உரிமம்கூட அப்போது அவரிடம் இல்லை என்பர்.

இனி நெஞ்சுத் துண்டின் கதைக்கு வருவோம். இங்கே சற்று நின்று நிதானமாகக் காண வேண்டும். ஏனெனில் புகழ் ஒருவருக்கும், முதற்காட்சி மற்றொருவருக்கும் வாய்த்த இடம் இது.

1907இல் ராஸ் ஹாரிசன் என்னும் அமெரிக்க அறிஞர், தவளைக் கருவிலிருந்து எடுத்த நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் இட்டு, அதிலிருந்து நரம்பிழை நீண்டு வளர்வதை நுண்ணோக்கியில் கண்டார். உடலுக்கு வெளியே உயிரணு வளரும் என்பதற்கு அது தெளிவான சான்றாயிற்று. இதனைக் கேள்வியுற்ற கேரல், தம் உதவியாளரான மாண்ட்ரோஸ் பரோஸ் என்னும் இளம் மருத்துவரை 1910இல் ஹாரிசனிடம் பயில அனுப்பினார். பரோஸ் தவளையின் நிணநீருக்கு மாற்றாகக் கோழிக் குருதியின் பிளாஸ்மாவைப் பயன்படுத்தினார். இம்மாற்றம் சிறியது போல் தோன்றினும், வெப்ப இரத்த விலங்கின் திசுவை வளர்க்க வழி திறந்தது இதுவே.

முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். அடைகாத்த முட்டையை உடைத்துக் கருவை எடுக்க வேண்டும். கோழிக் கரு இருபத்தொரு நாளில் பொரியும் என்பதை நம் கிராமத்துப் பாட்டிமார் அறிவர். ஆனால் இரண்டாம் நாளிலேயே அதன் நெஞ்சு துடிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அந்தக் கடுகளவு நெஞ்சில் ஒரு துணுக்கை நறுக்கி, மெல்லிய கண்ணாடி வில்லையின் மேல் ஒரு துளி பிளாஸ்மாவில் இடுவர். பிளாஸ்மா கூழ்போல் உறையும். வில்லையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுவில் குழிந்த கண்ணாடித் தகட்டின்மேல் பொருத்தி, விளிம்பை மெழுகால் அடைப்பர். துளி குழிக்குள் தொங்கும். கோழியின் உடற்சூட்டில் அதை வைத்துக் காத்தால், ஓரிரு நாளில் துணுக்கின் விளிம்பிலிருந்து உயிரணுக்கள் வெளியே ஊர்ந்து பரவுவதை நுண்ணோக்கியில் காணலாம். கிருமி ஒன்று நுழைந்தாலும் எல்லாம் பாழ். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது.

இவ்வாறு பரவிய உயிரணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த பரோஸ், துணுக்கினின்றும் விலகித் தனித்து நின்ற நெஞ்சுத் தசை உயிரணு ஒன்று தானே சுருங்கியும் விரிந்தும் துடிப்பதைக் கண்டார். இதனை 1912இல் வெளியிட்டார். இக்காட்சியின் பொருளை நாம் உணர வேண்டும். நெஞ்சு ஏன் துடிக்கிறது என்பது நெடுங்கால வினா. நரம்பு ஏவுவதால் துடிக்கிறது என்றோர் ஒரு சாரார். தசைக்கே அத்துடிப்பு இயல்பு என்றோர் மற்றொரு சாரார். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, பக்கத்தில் துணையாக மற்றோர் உயிரணுவும் இல்லை. ஒரு துளி ஊநீரில் தனித்துக் கிடக்கும் ஓர் உயிரணு தானாகத் துடிக்கிறது என்றால், அத்துடிப்பு அதன் இயல்பே என்பதில் ஐயம் ஏது? நரம்புகள் துடிப்பின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன; துடிப்பைத் தருவது தசையே. ஒரு பெரும் வழக்குக்கு இத்தனை சிறிய சாட்சி போதுமானதாயிற்று.

ஆயினும் பரோஸின் பெயரைப் பாடநூல்களில் தேட வேண்டியிருக்கிறது. 1912 சனவரி 17ஆம் நாள் கேரல் தொடங்கிய வளர்ப்பே உலகின் காதில் விழுந்தது. அன்று கோழிக் கருவின் நெஞ்சுத் துணுக்கு ஒன்றை அவர் பிளாஸ்மாவில் இட்டார். சில நாளுக்கொரு முறை அதைக் கழுவி, கழிவை நீக்கி, வளர்ந்ததை இரண்டாக வெட்டிப் புதிய ஊட்டத்தில் வைத்தார். ஊட்டமாவது பிளாஸ்மாவும், கோழிக் கருக்களை நசுக்கி வடித்தெடுத்த சாறும். துணுக்கு சில மாதங்கள் துடித்தது. பிறகு துடிப்பு நின்றது, வளர்ச்சி நிற்கவில்லை. ஆண்டுகள் உருண்டன, வளர்ப்பு தொடர்ந்தது. ஆல்பர்ட் எபெலிங் என்னும் உதவியாளர் அதனைத் தாய்போல் பேணினார்.

1912ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கேரலுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் நிகழ்ந்த மருத்துவ ஆய்வுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அது. அப்பரிசு நாளத் தையலுக்கும் உறுப்பு மாற்ற ஆய்வுக்குமே வழங்கப்பட்டது. கோழி நெஞ்சுக்காக அன்று. ஆனால் பொதுமக்கள் நினைவில் இரண்டும் கலந்துவிட்டன. நாளிதழ்கள் சனவரி மாதந்தோறும் அத்துணுக்குக்குப் பிறந்தநாள் கொண்டாடின. வெட்டி எறியாமல் விட்டிருந்தால் அது வளர்ந்து உலகையே மூடியிருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதினர். கேரலும் தம் ஆய்வுக்கூடத்தை ஒரு மறைவிடம்போல் அமைத்திருந்தார். ஒளி பட்டுக் கண் கூசாதிருக்கச் சுவர்க்குச் சாம்பல் நிறம். பணியாளர்க்குத் தலை முதல் கால் வரை கறுப்பு அங்கி. வந்து பார்த்தவர்கள் அஞ்சியே திரும்பினர். அறிவியலுக்கு இத்தனை நாடகம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. கிருமி நுழையாமல் காப்பதில் அவர் காட்டிய கடுமை மெய்யானது. ஆனால் அக்கடுமையே, இவரன்றி வேறு எவராலும் இது இயலாது என்ற எண்ணத்தையும் பரப்பிற்று.

முதல் உலகப் போரில் அவர் பிரான்சு திரும்பிக் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். வேதியியலார் ஹென்றி டேக்கினுடன் சேர்ந்து அவர் வகுத்த புண் கழுவும் முறை எண்ணற்றோரின் கைகால்களைக் காத்தது. 1927இல் அட்லாண்டிக்கைத் தனியே விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் பின்னாளில் அவருடைய நண்பரானார். இருவரும் சேர்ந்து உடலுக்கு வெளியே உறுப்பை உயிரோடு வைக்கும் கண்ணாடிப் பம்பு ஒன்றை 1935இல் அறிவித்தனர்.

அதே 1935இல் வெளிவந்ததுதான் 'மனிதன், அறியப்படாதவன்' என்னும் பொருள்படும் அவருடைய நூல். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல்லாயிரம் படிகள் விற்றது. உயிரற்ற பொருளைப் பற்றி நாம் அறிந்த அளவு மனிதனைப் பற்றி அறியவில்லை என்றும், இயந்திர நாகரிகம் மனிதனின் அகத்தை வறுமையாக்கிவிட்டது என்றும் அதில் அவர் வாதிட்டார். நம் பெரியோர் விரும்பி எடுத்துக்காட்டுவது இப்பகுதிகளையே. ஆனால் அதே நூலின் இறுதிப் பகுதியில், தகுதியுடையோர் தகுதியற்றோர் என மனிதரைத் தரம் பிரித்து, கொடிய குற்றம் புரிந்தோரையும் குற்றம் புரிந்த மனநோயாளரையும் நச்சு வாயு கொண்டு முடித்துவிடலாம் என்னும் கருத்தையும் எழுதியிருக்கிறார். 1936இல் வந்த செருமானியப் பதிப்பின் முன்னுரையில் அந்நாட்டு அரசு எடுத்துவந்த நடவடிக்கைகளைப் பாராட்டவும் செய்தார். அடுத்த பத்தாண்டுக்குள் ஐரோப்பாவில் நச்சு வாயு என்ன செய்தது என்பதை உலகம் அறியும். முதற்பகுதியை மட்டும் காட்டி இறுதிப் பகுதியை மறைத்தல் நடுவுநிலை ஆகாது என்பதால் இதனை இங்கே எழுதுகிறோம். ஊசியும் நூலும் பிடிப்பதில் ஈடிணையற்றவர் என்பதால் மாந்தரின் தகுதியை அளக்கும் தராசும் அவர் கையில் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

1939இல் ராக்பெல்லர் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். செருமானியப் படை பிரான்சைக் கைப்பற்றிய பின், அதற்கு இணங்கி நடந்த விஷி அரசின் ஆதரவில் 1941இல் மனிதச் சிக்கல்களை ஆராயும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1944 ஆகத்தில் பாரிசு விடுதலை பெற்றதும் பதவியை இழந்தார். பகைவரோடு ஒத்துழைத்தவர் என்ற பழி சூழ்ந்திருக்க, விசாரணை எதுவும் முடியுமுன், 1944 நவம்பர் 5ஆம் நாள் பாரிசில் இறந்தார். நெஞ்சுத் துணுக்கைச் சாகாமல் காத்ததாகப் புகழ்பெற்றவரின் உயிரைக் கொண்டது நெஞ்சு நோயே. அவர் பயின்ற லியோனில் ஒரு மருத்துவப் புலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1996இல் அப்பெயரை நீக்கி, மார்பொலிமானியைக் கண்டறிந்த லேனக்கின் பெயரை இட்டனர்.

ஆனால் துணுக்கு அவரோடு மறையவில்லை. எபெலிங் அதனை நியூயார்க் மாநிலத்து லெடர்லி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றிருந்தார். இங்கே தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு பெயரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் 1940இல் அதே லெடர்லியில் சேர்ந்து, ஆய்வுப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்தவர். தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் ஹார்வர்டில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து தசையினின்றும் பிரித்துக் காட்டியவரும் அவரே. அதே ஆண்டில் செருமனியில் லோமன் தனித்து அதனைக் கண்டார். ஒவ்வொரு நெஞ்சுத் துடிப்புக்கும் விறகாக எரிவது அந்த ஏ.டி.பி.தான். துடிப்பை மறந்துபோன கோழித் துணுக்கு ஒரு கட்டடத் தொகுதியில். துடிப்புக்கு ஆற்றல் எது என்று கண்ட நம்மவர் அதே நிறுவனத்தில். 1946இல் துணுக்கை எபெலிங் குப்பையில் இட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகள் முடிந்தன. கோழியின் வாழ்நாளைப் போல் பல மடங்கு.

அம்முப்பத்துநான்கு ஆண்டுகள் அறிவியலுக்கு விட்டுச்சென்றது ஒரு நம்பிக்கை. உடலில் இருக்கும்வரைதான் உயிரணுவுக்கு மூப்பும் சாவும்; வெளியே எடுத்துத் தக்கவாறு பேணினால் அது என்றென்றும் பெருகும் என்பது அது. மற்ற ஆய்வாளர்களின் வளர்ப்புகள் சில மாதங்களில் ஓய்ந்து இறந்தன. அவர்கள் என்ன எண்ணினார்கள்? கேரலின் கூற்றை ஐயுறவில்லை. தம் கைத்திறனையே ஐயுற்றனர். ஊட்டம் சரியில்லை, கண்ணாடி தூய்மையில்லை, தம்மிடம் கேரலின் கலை இல்லை என்று வாளாவிருந்தனர். நோபல் பரிசு பெற்றவர் தவறுவாரா என்னும் தயக்கம் அரை நூற்றாண்டு நீடித்தது.

1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேபிளிக்கும் பால் மூர்ஹெடும் மனிதக் கருவின் இயல்பான உயிரணுக்களைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தனர். ஏறத்தாழ ஐம்பது முறை இரட்டித்தபின் அவை பெருகுவதை நிறுத்திக்கொண்டன. வயது முதிர்ந்த வளர்ப்பையும் இளைய வளர்ப்பையும் ஒரே கண்ணாடியில் கலந்து வளர்த்தபோது, முதிர்ந்தவை தம் கணக்குப்படி ஓய்ந்தன, இளையவை தொடர்ந்தன. ஊட்டத்தின் குற்றம் என்றால் இரண்டும் அன்றோ ஓய்ந்திருக்க வேண்டும்! உயிரணுவுக்குள்ளேயே ஓர் எல்லை இருக்கிறது என்பது நிறுவப்பட்டது. அவ்வாறாயின் கேரலின் துணுக்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தது எவ்வாறு? ஊட்டமாக ஊற்றிய கருச்சாற்றில், சரிவர வடிகட்டப்படாத உயிருள்ள உயிரணுக்கள் கலந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விடை. அதாவது, ஒவ்வொரு முறையும் பழையதற்கு ஊட்டம் தந்ததோடு, அறியாமலே புதியதையும் நட்டிருக்கிறார்கள். இது கவனக்குறைவா, அறிந்தே நிகழ்ந்ததா என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுகின்றனர். சாறு வடித்தவர் எபெலிங்கும் பணியாளரும். ஆயினும் சரிபார்க்கும் கடமை தலைவருடையது என்பது நம் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'சாகாத நெஞ்சம்' என்று உலகம் போற்றியது உண்மையில் நெஞ்சுத் தசையே அன்று. துடிக்கும் தசை உயிரணுக்கள் முதற்சில மாதங்களிலேயே போய்விட்டன. அதற்குப் பின் பெருகியவை இணைப்புத் திசுவின் உயிரணுக்கள். உடலில் புண் ஆறும்போது தழும்பை உண்டாக்கும் இனத்தவை. பெயரில் நெஞ்சு, பொருளில் தழும்பு.

இந்த வேறுபாடு மாரடைப்பு கண்ட ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவது. நாளம் அடைபட்டு நெஞ்சுத் தசை இறந்தால், அவ்விடத்தில் புதுத் தசை முளைப்பதில்லை. தழும்புத் திசுவே நிரம்புகிறது. தழும்பு கிழியாமல் தாங்கும், துடிக்காது. ஆகவேதான் நெஞ்சுவலி வந்தவரை எத்தனை விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறோமோ அத்தனை தசை மிஞ்சும் என்று மருத்துவர் வற்புறுத்துகின்றனர். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்கு வரும் வழியில், வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் திரும்பாத தசை. மனித நெஞ்சுத் தசை சிறிதும் புதுப்பிக்கப்படாதது என்றே நெடுநாள் கருதினர். 1950களிலும் 60களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கதிரியக்கக் கரி நம் உயிரணுக்களில் பதிந்திருக்கும் அளவைக் கொண்டு, 2009இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கணக்கிட்டனர். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு நெஞ்சுத் தசை உயிரணுக்கள் புதிதாகின்றன. எழுபத்தைந்தில் அதிலும் பாதிக்குக் குறைவு. வாழ்நாள் முழுதும் சேர்த்தாலும் பாதிகூட மாறுவதில்லை. பிறந்தபோது துடித்தவற்றில் பெரும்பகுதி இறுதிவரை நம்மோடு துடிக்கின்றன.

பரோஸ் கண்ட காட்சியோ மங்கவில்லை. 1963இல் ஹராரி, ஃபார்லி என்னும் இருவர், பிறந்த எலிக்குட்டியின் நெஞ்சைச் செரிமானப் புளியம் ஒன்றால் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து வளர்த்தனர். ஒவ்வொன்றும் தன்தன் தாளத்தில் துடித்தது. வளர்ந்து பரவி ஒன்றையொன்று தொட்டபோது எல்லாம் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கின. தொடும் இடத்தில் நுண்ணிய வாயில்கள் திறந்து, ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றுக்குப் பாய்வதே இதற்குக் காரணம். 2007இல் சப்பானிய அறிஞர் யமனாகா, மனிதத் தோலின் உயிரணுவைக் கருநிலைக்குத் திருப்பும் வழியைக் காட்டிய பின், ஒருவரின் தோலிலிருந்தோ குருதியிலிருந்தோ அவருடைய நெஞ்சுத் தசையையே கண்ணாடியில் வளர்க்க முடிகிறது. புதிய மருந்து நெஞ்சைக் கெடுக்குமா என்பதை மனிதருக்குக் கொடுக்குமுன் அத்தசையில் சோதிக்கிறார்கள். நம் கல்லூரி விலங்கியல் துறையின் நுண்ணோக்கியைவிட மிகப் பெரிய ஆற்றலுள்ள கருவி ஒன்றும் அக்காட்சிக்குத் தேவையில்லை. சிறிய ஆற்றலிலேயே, ஒரு தட்டு நிறைய உயிரணுக்கள் ஒன்றாய்ச் சுருங்கி ஒன்றாய் விரிவதை மாணவர் எவரும் காணலாம்.